வச்சிரம் போட்டு ஒட்டிய மயில்

சனிக்கிழமை மதியம் வேலை மணி அடித்ததும், கூட்ஸ் ஷெட்டின் பின்புறம் நீங்கள் நாலைந்து பேர் பலகையும் உளியுமாக உட்கார்ந்துவிடுகிறீர்கள் என்று கேள்விப்பட்டு, போன வாரம் நேரிலேயே வந்து பார்த்தேன். ஒருவர் யானை செதுக்குகிறார். இப்போதைக்கு அது பன்றியாக இருக்கிறது. பரவாயில்லை, தும்பிக்கை வரட்டும். இன்னொருவர் வெற்றிலைப் பெட்டியின் மூடியில் கொடி ஓட்டியிருக்கிறார்; கை நல்ல கை. என்னைக் கண்டதும் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டீர்கள். "அண்ணே, கடைசியில என்ன பூசுறது? அரக்கா, மெழுகா, எண்ணெயா?"

இதே ரயில்வே ஸ்டோரில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். திரி, எண்ணெய், ஆணி, பெல்ட் என்று கேட்டவருக்குக் கேட்டதை எடுத்துக் கொடுத்து, கையெழுத்து வாங்குவது என் பிழைப்பு. மரம் செதுக்குவது என் ஆசை. பிழைப்பில் என்னைப் பாராட்டியவர் யாருமில்லை. ஆசையில் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பேர் வாங்கியிருந்தேன், அதில் பொய்யான அடக்கம் எனக்கு வேண்டியதில்லை. என் கையில் ஒரு மரத்துண்டைக் கொடுத்தால் அது எந்தப் பக்கம் பிளக்கும் என்று தட்டிப் பார்த்தே சொல்வேன்.

எது பூசலாம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் பூசுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: இது யார் கையில் போகப் போகிறது, அங்கே போய் என்ன செய்யப் போகிறது? இதைக் கேட்காமல் ஒரு மயில் செய்தேன். அந்தக் கதையைச் சொல்கிறேன். அதற்குள் உங்கள் கேள்விக்கும் பதில் இருக்கிறது.

பெரிய சண்டைக்கு, ஜப்பான்காரன் வருவதற்கு, முந்திய காலம். சிக்னல் விளக்குகளுக்கு எண்ணெய் ஊற்றித் திரி வெட்டி ஏற்றும் வேலையில் மாரிமுத்து என்றொருவர் இருந்தார். என் வயதுதான். ஒரு சமயம் அவருக்குக் கண் சிவந்து, நீர் வடிந்து, இரண்டு மாதம் பாடாய்ப் பட்டார். விளக்குக்காரனுக்கு சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை என்றால் வேலை போச்சு. ரயில்வே கொடுத்த கோட்டர்ஸ் வீடும் போச்சு. அப்போது அவர் மனைவி கண்ணம்மாவுக்குக் கைக்குழந்தை வேறு. கண் சரியானால் பத்துமலைக்கு மயில் காவடி எடுப்பதாக மாரிமுத்து வேண்டிக்கொண்டார். கண் தெளிந்தது. டாக்டர் வண்ண விளக்கு காட்டிச் சோதித்ததிலும் தேறிவிட்டார்.

"அண்ணே, கண்ணுக்காகத்தான் வேண்டினேன். மயிலோட கண்ணு அப்படியே பாக்குற மாதிரி வரணும்லா" என்று என்னிடம் வந்து நின்றார். "தோகையில இருக்குற கண்ணும்தான்."

நான் வேதக்காரன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்குப் போகிறவன். ஆனால் அவர் கேட்ட விதம் எனக்குப் பிடித்திருந்தது, என் கைத்திறனைக் காட்ட இதைவிட நல்ல சந்தர்ப்பமும் கிடைக்காது. சரி என்றேன்.

கிள்ளான் மரக்கடையில் பூலாய் மரம் வாங்கினேன். மலாய்க்காரர்கள் பூலாய் என்பது நம் ஊர் ஏழிலைப்பாலைதான். இறகு மாதிரி எடை, வெண்ணெய் மாதிரி உளி இறங்கும். தோளில் சுமந்து மலையேறுகிற சாமானுக்கு அதைவிட ஏற்ற மரம் இல்லை. ஒரே கட்டையில் மயில் எடுத்தால் இறக்கையில் மரநார் குறுக்கே ஓடி, அது முறிந்துவிடும். அதனால் உடம்பு, கழுத்து, இரண்டு இறக்கை, தோகை என்று தனித்தனியாகச் செதுக்கி, வச்சிரம் காய்ச்சி ஒட்டினேன். மேலே அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொட்டலத்தில் தொட்டு, வட்டம் வட்டமாக ஒன்பது தடவை தேய்த்தேன். எங்கே ஒட்டியிருக்கிறது என்று கண்டுபிடிப்பவருக்கு என் உளியைத் தந்துவிடுகிறேன் என்று ஸ்டோரில் சவால் விட்டேன். ஒருவரும் வாங்கவில்லை.

தைப்பூசத்துக்குப் பத்து நாள் முன்னால் மாரிமுத்து மயிலை வாங்கிப் போனார். கொடுக்கும்போது, "பயப்படாம தூக்குங்க, வச்சிரம் போட்டு ஒட்டியிருக்கேன்" என்றேன். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டார். பார்க்கிறவரிடமெல்லாம் அதே பேச்சு.

"முருகனுக்கே வச்சிரவேலுன்னு பேரு இருக்கு. வச்சிரம் போட்டு ஒட்டின மயிலுன்னா கேக்கவா வேணும்!"

அவர் என்னவோ வைரம் போன்ற ஒரு பொருளை அரைத்துப் பூசியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நான் கேட்டுச் சிரித்துக்கொண்டேன். பெருமையாகவும் இருந்தது. திருத்தவில்லை.

பூசத்துக்கு நாலு நாள் இருக்கையில் ஸ்டோருக்குப் புது பெல்ட் வந்தது. பித்தளைக் கொக்கி வைத்த தோல் பெல்ட், ஆளுக்கு ஒன்று. திரி வாங்க வந்த மாரிமுத்துவிடம் ஒன்றை நீட்டினேன். சட்டென்று இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டு போய்விட்டார்.

"பூசம் முடியட்டும்ணே. விரதம்லா. தோலு தொடமாட்டேன்."

அப்போதுதான் அவர் இடுப்பைப் பார்த்தேன். பழைய பெல்ட்டுக்குப் பதில் ஒரு துணிப்பட்டையைச் சுற்றியிருந்தார். கால் வெறுங்கால். கேட்டதற்கு, இன்ஸ்பெக்டரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிட்டதாகச் சொன்னார்.

அவர் போன பிறகும் அந்த பெல்ட் என் கையிலேயே இருந்தது. அதன் வாடை மூக்கில் ஏறியது. தச்சு வேலை தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: வச்சிரம் என்பது வைரமும் இல்லை, வேலாயுதமும் இல்லை. மாட்டுத் தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை. கட்டி கட்டியாக விற்கும். அடுப்பில் வைத்தால் இதே வாடைதான் வரும். எத்தனையோ வருஷம் காய்ச்சியிருக்கிறேன். எனக்கு அது பசை, அவ்வளவுதான். அது என்ன என்று தெரியும், ஆனால் அதை நினைத்துப் பார்த்ததில்லை. பெல்ட்டைத் தொட மறுத்த மனிதன் இன்னும் நாலு நாளில் நாலு மூட்டிலும் மாட்டுத் தோல் பூசிய மயிலைத் தோளில் வைத்து முருகன் முன்னால் போய் நிற்கப் போகிறார்.

தம்பிகளே, உளி வழுக்கிக் கையை வெட்டிக்கொண்டால் என்ன செய்வது என்று யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. சும்மா இருந்திருக்கலாம். எனக்கும் அந்த அரக்குப் பூச்சுக்கும் மட்டும்தான் தெரியும். மூட்டு எங்கே என்றே தெரியாத மயிலில் மூட்டுக்குள் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? ஆனால் சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. அதற்காக உண்மையைச் சொல்லும் தைரியமும் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். பொய் சொல்லி மயிலை வாங்கி வந்து, பசையை எடுத்துவிட்டு வேறு வழியில் மூட்டிக் கொடுத்துவிடுவது. அவருக்குத் தெரியவே வேண்டாம். எல்லோருக்கும் நல்லது. அப்படித்தான் நினைத்தேன்.

அன்று சாயங்காலம் அவர் கோட்டர்ஸுக்குப் போனேன். சாமி படத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் துணி விரித்த பலகை மேல் மயில் இருந்தது. "இன்னும் ஒரு கோட் பாலிஷ் போட்டா நல்லா இருக்கும்" என்றேன்.

"நீங்க எது சொன்னாலும் சரிண்ணே" என்று ஒரு சந்தேகமும் இல்லாமல் துணியோடு தூக்கி என் கையில் கொடுத்தார் மாரிமுத்து. வாசல் வரை வந்து, "வச்சிரம் விட்டுராம பாத்துக்கங்கண்ணே" என்றார்.

பொய் அவ்வளவு சுலபமாகப் பலித்துவிட்டது. மயிலோடு தெருமுனை வரை நடந்துவிட்டேன். அங்கே கால் நின்றுவிட்டது. அந்தக் கடைசி வார்த்தைதான் காரணம். பசையை நான் எடுத்துவிடலாம். அந்தச் சொல்லை எப்படி எடுப்பது? பூசம் முடிந்து பத்து வருஷம் ஆனாலும் இந்த மனிதர் வச்சிர மயில், வச்சிர மயில் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். என்றைக்காவது ஒரு தச்சன் கேட்டுவிட்டு, "அட, வச்சிரம்னா மாட்டுத் தோலுய்யா" என்பான். அன்றைக்கு அவர் மனசு என்ன பாடுபடும்? அப்புறம் கண்ணில் தூசி விழுந்தாலும், கண் உறுத்தினாலும், வேண்டுதல் கெட்டதால்தான் என்று நினைப்பார். பசை இல்லாத மயிலை வைத்துக்கொண்டே காலம் முழுக்கப் பயப்படுவார். அவருக்குக் கண் என்பது வேலை, வீடு, குழந்தைக்குப் பால். அதற்குள் நான் ஒரு முள்ளை வைத்துவிட்டு வரலாமா?

திரும்பி நடந்தேன். அவ்வளவு நீளமான தெரு என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வாசலிலேயே நின்று சொன்னேன். வச்சிரம் என்றால் என்ன என்று சொன்னேன். பாலிஷ் என்று சொன்னது பொய் என்றும் சொன்னேன்.

"வைரம் மாதிரி ஒசந்த சாமான்னுல்ல நெனச்சேன்" என்றார் மாரிமுத்து, மெல்ல. "ஊரு பூரா சொல்லிட்டேனேண்ணே."

கண்ணம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு முன்னால் வந்தார். "நாப்பத்தெட்டு நாள் விரதம்னு இந்த மனுசன் தரையில படுக்குறாரு. ஒரு வேளைதான் சாப்பாடு. நீங்க படிச்சவங்க, ஒரு வார்த்தை கேட்டுச் செஞ்சிருக்கக் கூடாதா? நாங்க சாமி கிட்ட என்னன்னு சொல்றது?"

கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை, தப்பு என்னுடையதுதான் என்றேன். மூன்று நாள் டைம் கொடுங்கள், பசையே இல்லாமல் மூட்டித் தருகிறேன், பிடிக்காவிட்டால் மயில் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். அவமானமாகத்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்ததும் மூச்சு லேசாக வந்தது.

மாரிமுத்து மனைவியைப் பார்த்தார். "பூசை ஏதும் ஆகல இல்ல?"

"ஆகல. பொட்டு மட்டுந்தான் வச்சேன்" என்றார் கண்ணம்மா. முந்தானையால் மயிலின் நெற்றியிலிருந்த குங்குமத்தைத் துடைத்தார். "எடுத்துட்டுப் போங்க."

நான் நகரும்போது மாரிமுத்துவுக்கு இன்னொரு சந்தேகம். "அண்ணே, அந்தப் பளபளப்பு? அது என்ன?"

மறைக்க இனி என்ன இருக்கிறது? "அரக்கு. ஸ்பிரிட்டுல கரைச்சது."

"ஸ்பிரிட்டுன்னா, சாராயமா?"

"குடிக்கிறது இல்ல. ஆனா அந்த வம்சம்தான்."

குனிந்து மயிலை முகர்ந்து பார்த்தார். "அது காத்தோட போயிருக்கும். இருந்தாலும் அதுவும் வேணாம்ணே."

மறுநாள் காலை லீவு சொல்லிவிட்டு, எனக்கு வச்சிரம் விற்கும் சீனத் தச்சர் கடைக்குப் போனேன். பசை இல்லாமல் எப்படி என்று சந்தையில் பேசுகிற பாசார் மலாயில் கேட்டேன். அவர் மயிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என் பளபளப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "பாசாக் லா" என்றார், அதாவது முளை. மூங்கிலைச் சீவி ஆணியாக்கி அடி என்று கையால் காட்டினார். பிறகு என் தோளைத் தொட்டு, மழை பெய்வது போல விரல்களை ஆட்டி, ஒட்டின இடம் பிரிந்து விழுவது போல இரண்டு கையையும் விரித்தார். காவடிக்கு என்று நான் சொல்லவே இல்லை. தூக்குவதற்கு வாகாகக் கொடுத்திருந்த வடிவத்தைப் பார்த்தே, வெயிலிலும் மழையிலும் போகிற சாமான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நான் கேட்டுக்கொள்ளாத கேள்வியை அவர் மரத்திடமே கேட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்து, சுடுநீரில் துணியை நனைத்து மூட்டுகள் மேல் சுற்றினேன். ஒன்பது தடவை தேய்த்த அரக்கு கண்ணெதிரே பால் சிந்தியது போல வெளுத்தது. என் கையால் செய்ததில் அதைவிட நல்ல பூச்சு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. மனசு எரிந்தது. கொஞ்ச நேரத்தில் பசை இளகி இறக்கைகள் கையோடு வந்தன. பசை தொட்ட இடத்தையெல்லாம் மரம் தெரியும் வரை சுரண்டினேன். அரக்கு முழுவதையும் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். பிறகு துளை போட்டு மூங்கில் ஆணி அடித்தேன். எங்கே ஆடியதோ அங்கே ஒன்று. இப்போது ஒவ்வொரு மூட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஆணித் தலைகள் வேறு. குழந்தைகூடக் கண்டுபிடிக்கும்.

வெறும் மரமாக விட்டால் வேர்வையும் அழுக்கும் ஏறும். எதைப் பூசுவது? இந்த முறை கேட்டுவிட்டுத்தான் பூசினேன். கண்ணம்மாவிடம் கொண்டு போனேன். அவர் மஞ்சளை அரைத்து எடுத்து வந்து, குழந்தைக்குப் பூசுவது போல மயில் முழுக்கத் தானே பூசித் தேய்த்தார். நிறம் ஏறிவிட்டது. அது தங்குவதற்கு மேலே மெழுகு வேண்டும். என்னிடம் இருந்தது சுத்தமான தேன்மெழுகு, ஆனால் அது எங்கள் மாதா கோயிலில் கொளுத்துவதற்காக நான் வாங்கி வைத்திருந்த மெழுகுவத்தி. அதையும் சொன்னேன். சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று எனக்கு இப்போது தெரியும்.

மாரிமுத்து அன்றுதான் முதல் தடவையாகச் சிரித்தார். "தேனீ எந்தக் கோயிலுக்குன்னு பாத்தாண்ணே மெழுகு கட்டுது? தேய்ங்க."

கண்ணம்மா ஆணிகளை எண்ணினார். "பன்னெண்டு" என்றார். "முருகனுக்குக் கையும் பன்னெண்டுதான்." நான் கணக்குப் போட்டு அடிக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தில் கோபம் போயிருந்தது. இதையாவது விட்டுவிடலாம் என்று வாயை மூடிக்கொண்டேன்.

பூசத்தன்று நானும் ரயிலேறிப் பத்துமலைக்குப் போனேன். என் வேலை எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். உச்சி வெயிலில் மாரிமுத்து காவடி எடுத்தார். வழியெல்லாம் ஜனங்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அடிவாரத்துக்குப் போவதற்குள் மழையும் பிடித்துக்கொண்டது. கண்ணம்மா குழந்தையைத் தலையில் துண்டு போட்டு மூடிக்கொண்டு பின்னால் போனார். நான் மயிலின் இறக்கையைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. மரம் ஊறிப் பெருத்து ஆணிகளை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது. கடைசிப் படி வரை ஒரு இறக்கைகூட அசையவில்லை. வச்சிரமாக இருந்திருந்தால் கழன்று விழுந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அப்படி ஊறின வச்சிரம் நின்று நான் பார்த்ததில்லை.

அரக்கு, மெழுகு, எண்ணெய் எல்லாமே நல்லதுதான். வீட்டுக்குள் இருக்கும் பெட்டிக்கு அரக்கு போடுங்கள், ஆனால் மழை நாளில் போடாதீர்கள், வெளுத்துவிடும். கையில் எடுத்துப் புழங்கும் சாமானுக்கு மெழுகு, அடிக்கடி நனைகிற சாமானுக்கு எண்ணெய். இதெல்லாம் நாலு மரம் கெட்டால் தானே தெரிந்துவிடும். கெட்டது தெரிந்த பிறகு தெருமுனையிலிருந்து திரும்பி நடக்க வேண்டியிருக்குமே, அதைத்தான் நீங்களே பழகிக்கொள்ள வேண்டும்.

மாரிமுத்து வேலைக்காலம் முழுக்க விளக்கேற்றி, பிறகு அவரும் ஓய்வு பெற்றார். இப்போது அம்பாங்கில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போயிருந்தேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்து பார்வை சுத்தமாகப் போய்விட்டது. என் குரலைக் கேட்டதும், மயிலை எடுத்துத் தரச் சொல்லி மடியில் வைத்துக்கொண்டார்.

கண்ணுக்காக வேண்டிக்கொண்ட மயில். அவரே பேசினார். "கண்ணு போனதுக்கு இதைக் குத்தம் சொல்லலண்ணே. வயசாச்சு, போச்சு. அன்னைக்கு நீங்க திரும்பி வந்து சொல்லாம போயிருந்தா, இன்னைக்கு உக்காந்து இதையும் திட்டியிருப்பேன், உங்களையும் திட்டியிருப்பேன், சாமியையும் திட்டியிருப்பேன்."

சொல்லிக்கொண்டே விரலால் மூட்டுகளைத் தடவினார். பளபளப்பு இருந்திருந்தால் அந்த விரலுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. கழுத்தில் இரண்டு, இறக்கைக்கு மூன்று மூன்று, தோகையில் நாலு என்று ஒவ்வொரு ஆணியாக எண்ணிக்கொண்டு வந்தவர், பன்னிரண்டாவதில் நின்றார். அந்த இடத்தையே திரும்பத் திரும்பத் தடவினார்.

"அண்ணே, இது ஒண்ணு மட்டும் கொஞ்சம் கோணல் லா?"

இத்தனை வருஷமாக எனக்குத் தெரியும். கண் தெரிந்தவர்கள் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை.

"ஆமா மாரிமுத்து" என்றேன். "கோணல்தான்."